அரைச் சுற்று

பொத்தானை அமுக்கினால்
விசிறி அரைச் சுற்று சுற்றும்.
நிற்கும்.
தும்மல் வந்தும் வராமல் போன முகம் மாதிரி
திரை.

காந்திபுரத்தில் நிஜாமுதீன் கடை.
பழைய மதர்போர்டு, ஆயிரத்து நானூறு.
"ஓடும்க்கா, ஓடலேன்னா மாத்தித் தர்றேன்."
மாற்றுவதென்றால்
மேட்டுப்பாளையம்வரை இறங்கி, மறுபடி
குஞ்சப்பனை வளைவெல்லாம் ஏறி வரவேண்டும்.
அதை அவன் விலையில் சேர்க்கவில்லை.
பக்கத்து இருக்கைப் பையன் வாந்தி எடுத்தபோது
நான் முதலில் காப்பாற்றியது
மடியிலிருந்த அட்டைப்பெட்டியை.

கேபினட்டுக்குக் காசில்லை.
ஃபேக்டரிப் பின்கட்டில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தது
ஒரு பழைய தேயிலைப் பெட்டி.
ஒட்டுப்பலகை, தகர விளிம்பு,
கோத்தகிரி என்ற முத்திரையில் 'கிரி' மட்டும் மிச்சம்,
உள்ளே சுற்றிலும் ஈயத்தாள்.
ஈரம் ஏறக்கூடாதென்று எவரோ ஒட்டியது.
தேயிலைக்கு ஆனது இதற்கும் ஆகும் என்று
கிழிக்காமல் விட்டேன்.

முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்.
பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
ஊக்கால் இணைத்தேன். காற்று வீசியது.
அதன்மேல் குற்றமில்லை.
ராமைக் கழற்றி ரப்பரால் பல் தேய்த்தேன்.
ஒன்றை மட்டும் செருகினேன். பிறகு மற்றதை.
பிறகு இடம் மாற்றி.
பொட்டு அகலப் பேட்டரியைத் தோண்டியெடுத்து
பத்து நிமிடம் டம்ளரில் போட்டுவைத்தேன்.
அரைச் சுற்று.
அரைச் சுற்று.

அப்புறம் ஊரே சொல்வதை நானும் சொன்னேன்:
மூடுபனி.
இங்கே தீப்பெட்டி நமத்தால் மூடுபனி,
ரேஷன் கார்டு ஒட்டிக்கொண்டால் மூடுபனி,
பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள்
வராமல் போனாலும் அதுதான்.
ஜன்னலைத் திறந்தால்
கேட்காமல் வந்து கட்டிலில் உட்காருகிற ஒன்று.
பழி போட வசதியானது.

இரவு ஷிஃப்டில் பெள்ளிராஜ் இருந்தான்.
காலியாகக் கிடந்த வாடல் தொட்டியில், வலைமேல்,
போர்டை மல்லாத்தினோம்.
அடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று.
"எத்தனை சதம் வாடணும்?"
கொழுந்துக்குக் கேட்கும் அதே குரலில் கேட்டான்.

விடியுமுன், பலகைமேல் பரப்பிவைத்தே
எல்லாவற்றையும் இணைத்தோம்.
ஓடியது!
வெள்ளை எழுத்து, வரிவரியாக.
தேயிலைத் தூள் பறக்கக் கைதட்டினான் பெள்ளிராஜ்.
பனிதான் பார்த்தியா, என்றான்.
பனிதான், என்றேன்.

வீட்டில், பெட்டிக்குள் வைத்து, கடைசித் திருகும் முடுக்கி,
பொத்தானை அமுக்கினால்
அரைச் சுற்று.

கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவே எட்டிப் பார்த்தேன்.
ஈயத்தாள் ஓரிடத்தில் கொப்புளமாய்ப் பொங்கி
பற்றவைத்த முனைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது.
கடுகளவு கருகல்.

காவலுக்கு விட்டுவைத்த தாள்.

ஜன்னலுக்கு வெளியே
வழக்கம்போல் நின்றுகொண்டிருந்ததிடம்
என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை.
காய் நறுக்கும் கத்தியால் தாளைச் சுரண்டினேன்.
விரலும் கொஞ்சம் கிழிந்தது.

இந்த முறை முழுச் சுற்று.
பேட்டரி பிடுங்கிய மறதியில்
இன்றைக்கு 2012, ஜனவரி ஒன்று என்று
உறுதியாகச் சொன்னது இயந்திரம்.

ஞாயிற்றுக்கிழமை அது.
பதினாலாம் நம்பர் காட்டில்
இடுப்பில் படங்கு கட்டி நின்றேன்.
சாயங்காலம் எடை மேடையில்
என் கொழுந்தில் மூன்று கிலோ கழித்தார்கள்.
ஏன் என்றேன்.
மூடுபனி, ஈரம் என்றார்கள்.
இருக்கும் என்று நினைத்துக்கொண்டு
மேடையை விட்டு இறங்கினேன்.

இப்போது அந்த மேடையில் நோட்டு எழுதுவது நான்.
சிறு விவசாயிகள் நாற்பத்தோரு பேர்.

தேதியைத் திருத்தினேன்.
விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே,
பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தேன்.
எடைக்குப் பக்கத்தில்
'ஈரக் கழிவு' என்று ஒரு பத்தி வரவேண்டும்.
அங்கே
கோடு துடித்துக்கொண்டிருக்கிறது
இன்னும்.