மற்றவை (குறிப்பிடுக)

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் இலக்கக் களிசான்
இன்னும் வெட்டப்படவில்லை.
துணி துறைமுகத்தில் கிடக்கிறது.
ஆனாலும் ஏறாவூர்த் தொழிற்சாலை மேல்மாடியில்
என் திரைக்குள் அது
காலை எட்டேகாலில் இருந்து உயிரோடிருக்கிறது:
பருத்தி எத்தனை வீதம், நூல் எந்த ஆலை,
ஒரு பொத்தானில் எத்தனை கிராம் பித்தளை,
ஒரு தரம் கழுவ எத்தனை லீற்றர்.

கடைசிப் பக்கத்தில்
சிவப்பு நட்சத்திரம் குத்திய கேள்வி:
இது எப்படி முடியும்?
மீள்நூற்பு. உரம். எரிப்பு. தெரியாது.
‘தெரியாது’வைத் தொட்டால்
பக்கம் நகராது.

பிறக்குமுன்னே சாவை விசாரிக்கிற மென்பொருள்.
வேலைக்கு வந்த முதல் கிழமை
அதைத் தொட்ட விரல் துடக்குப் போலிருந்தது.
பிறகு பழகிவிட்டது.
‘மீள்நூற்பு’ என்று அழுத்திவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போவேன்.

வியாழக்கிழமை சிப்பில் மாட்டுப்பட்டோம்.
சிப் தருகிறவனின் சாயச் சான்றிதழ்
பதினொரு நாளுக்கு முன்னமே காலாவதி.
நாலாவது படலை தானாகச் சாத்திக்கொண்டது.
முழு ஓடருக்கும் மேலே
சின்னதாக ஒரு பூட்டுப் படம்.

“திங்கள் வெட்டுத் தொடங்கவேணும்,” என்றார் நிமலேஸ்வரன் சேர்.
“சாயம் அதே சாயந்தானே புள்ள.
மூண்டாம் மாசத்தை எட்டாக்கு.
மூண்டுக்கு இடப்பக்கம் ரெண்டு வளைவு,
அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஆக்கினேன்.
பச்சை எரிந்தது.
கீழே முந்நூறு இயந்திரம் ஒரே மூச்சில் இரைந்துகொண்டிருக்க
எனக்கு மட்டும் காது அடைத்தது.

‘வரலாறு’ என்றொரு மூலை உண்டு,
அதுவரை நான் திறந்ததில்லை.
பழையது: 3. புதியது: 8.
நேரம்: 16.10.
ஆள்: சுகிர்தா தவநாதன்.
அப்பாவின் பெயரையும் சேர்த்து.
அழித்துப் பார்த்தேன். அழிக்க முயன்றதையும்
அடுத்த வரியில் எழுதிக்கொண்டது.

எங்கட பக்கத்தில் எத்தனை கோப்பு
வெள்ளத்தில் போயிருக்கும், எரிந்திருக்கும்.
தேடிப் போனவர்களுக்குக் கச்சேரி யன்னல்
‘அப்பிடி ஒண்டும் இல்லை’ என்றிருக்கும்.
மறக்கத் தெரியாத பேரேடு ஒன்றை
அன்றைக்குத்தான் கண்டேன்.
பயந்தேன். பயம் தணிய,
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
கொஞ்சம் மரியாதை வந்தது.

16.25க்கு எட்டைத் திரும்ப மூன்றாக்கினேன்.
படலை சாத்தியது.
கால்மணி நேரம் வாழ்ந்த பொய்
பிறப்பும் இறப்பும் பதிந்து அங்கேயே கிடக்கிறது,
கணக்காய்வுக்கு வருகிறவர் எவரும் பார்க்கலாம்.
சேர் என்னோடு கதைக்கவில்லை.
சிப்காரனுக்குக் கோல் எடுத்து
எனக்கான ஏச்சையும் சேர்த்து அவனுக்கு ஏசினார்.

பொழுதுபட, கழுவற் பிரிவிலிருந்து
பேரின்பம் அண்ணன் போத்தலோடு ஏறி வந்தார்.
கடைசித் தொட்டித் தண்ணீர்.
“ஏழு தசம் ஒன்பது.”
“நிறம்?”
குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
“கிட்டத்தட்ட இல்லைகா.”
“கிட்டத்தட்டவுக்குப் பெட்டி இல்லை அண்ணன்.”
திரும்பவும் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.
“அப்ப, கொஞ்சம் நீலம் எண்டு போடு.”

போட்டேன்.
அடுத்த கேள்வி: தண்ணீர் எங்கே சேர்கிறது?
வடிகால். ஆறு. கடல். மற்றவை.
மேலும் கீழும் உருட்டினேன்.
மட்டக்களப்பு என்று ஊரின் பெயருக்குள்ளேயே இருக்கிறது,
பட்டியலில் இல்லை.

‘மற்றவை’யைத் தொட
ஒரு வெறும் பெட்டி திறந்தது.
தமிழைப் போட்டால் சதுரம் சதுரமாய்த் துப்பியது.
அவர்களுடைய எழுத்தில் ஏழு தட்டுத் தட்டிக்
களப்பு என்று எழுதினேன்.
பிழையான சொல் என்று
அடியில் சிவப்பாய் நெளிந்தது ஒரு கோடு.

“அங்கால வாசிக்கிற ஆளுக்கு விளங்குமா?” என்றார்
போத்தலை மூடிக்கொண்டே.

“விளங்காட்டிக் கேப்பான்,” என்று சொல்லி
சேமித்தேன்.