பதினோராவது வாரம்

விடியுமுன் அளக்க வேண்டும், டயர் சூடாகுமுன்.
டார்ச்சை வாயில் கவ்விக் குனிகிறேன்.
முன்னே நாலரை பார், சரி.
பின்னே இடப்பக்கம் நாலுதான். ஐந்தரை வேண்டும்.

"பட்டனைப் பாரு, புதுசு மாதிரி" என்கிறார் பூபாலன்,
ஐந்து ரேண்ட் காசைப் பள்ளத்தில் செருகி.
பாதிக் காசு மறைகிறது. உண்மைதான்.
ஒன்பது வருடத்தில் இந்த வீட்டுவண்டி
மார்கேட் கடற்கரைக்கு இருமுறை,
ஸ்டாங்கர் கல்யாணத்துக்கு ஒருமுறை;
மீதி நாளெல்லாம் சாட்ஸ்வொர்த் முற்றத்தில்
வெயில் காய்ந்ததுதான்.

எச்சில் தொட்டுப் பக்கச்சுவரைத் துடைக்கிறேன்.
நாலு இலக்கம்: ஒன்று, ஒன்று, ஒன்று, ஐந்து.
பதினைந்தாம் ஆண்டின் பதினோராவது வாரம்.
அந்த மார்ச்சில்தான் கேஷனி பெர்த்துக்குப் போனாள்.
எண்ணைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள்.

ஓடித் தேய்ந்தால் காசு காட்டிக்கொடுக்கும்.
நின்று தேய்ந்ததை எதைச் செருகிப் பார்ப்பது?

வேன் ரீனன் கணவாயில்
லாரிகள் உரித்துப்போட்ட கருந்தோல்களை,
போன வருடம் காரில் போனபோது,
அவரும்தான் எண்ணினார். பதினேழு.

காசு சட்டைப்பைக்குள் போனது.
"டுமிசானி எட்டு மணிக்குத்தான் கடை திறப்பார்."

வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்து
முற்றத்திலேயே தேநீர் குடித்தோம்.
நாலு டயருக்கு விலை கூட்டி முடித்த பிறகுதான்
ஸ்டெப்னி நினைவுக்கு வந்தது.