எண் 217, இரண்டாவது தட்டு

என் அலமாரியில் அறுநூற்றுப் பன்னிரண்டு சிடி.
கச்சேரியின் பிரதான உருப்படி எந்த ராகமோ
அந்த மேளத்தின் வரிசையில் அது நிற்கும்.
எங்கும் சேராத துக்கடாத் தொகுப்புகள்
ஃப்ரிட்ஜ் மேல், தைல பாட்டிலோடு.

நோட்டில் எண் 217:
பூந்தோட்டம் விசாலாட்சி, 1988 மார்கழி.
கேன்டீனில் பாத்திரம் விழுந்த சத்தமும் சேர்ந்தே பதிவான
இரண்டு தட்டுக் கச்சேரி.
முதல் தட்டு வீட்டில்.
இரண்டாவது, அந்தக் கரகரப்ரியா முழுக்க,
வெள்ளி நிற ஆல்டோவின் வயிற்றில்.

வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினால்
உள்ளே ஏதோ முனகும், புரளும், அடங்கும்.
"டாஷ்போர்டை உடைச்சாத்தான்" என்றார் மெக்கானிக்.
எழுபதாயிரத்துக்குக் கார் கேட்டு வந்த சவரிராஜிடம்
"உள்ள ஒரு சிடி மாட்டிக்கிட்டிருக்கு" என்றேன்,
பெண்ணின் வியாதியை மறைக்காமல் சொல்லிவிடும்
கல்யாணத் தரகர் மாதிரி.
"இருந்துட்டுப் போவுது மேடம்."

மாற்றுப் பிரதி தேடினேன்.
வடக்கு மாட வீதிக் கடையில்
இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.
சபா வாசலில் விரித்திருந்தவர்
"பென்டிரைவ்ல மூவாயிரம் பாட்டு இருக்கு, தரவா?" என்றார்.
நங்கநல்லூரில் ஒரு வீட்டை விற்கிறார்கள் என்று கேட்டுப் போய்
பிளாஸ்டிக் வாளி நிறைய அள்ளிவந்தேன்.
அதில் இருந்தது 217!
ஆட்டோவிலேயே திறந்து பார்த்தேன்.
இரண்டு குழியிலும் முதல் தட்டு.
ஆக முதல் தட்டு இப்போது என்னிடம் மூன்று.
அது முடியும் இடத்தில்
தம்பூரா மட்டும் சற்று நீண்டு நிற்கும்,
யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

எட்டு மாதம் கழித்து சவரிராஜ் அழைத்தார்.
ஆர்சி புத்தகத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சாம்.
ஆவடியில் இட்லி மாவு வியாபாரம்;
பின்னால் கிரைண்டர் ஓடுவது கேட்டது.
"மேடம், இன்னொரு டவுட்டு.
ரேடியோ போயிடுச்சு. வண்டிய எடுத்தா அந்தம்மாதான்.
காலையில நாலு மணிக்கு அம்பத்தூர் வரைக்கும்
மாவு போட்டுட்டே கேக்குறேன்.
ஒரு எடத்துல ஒரே வரிய
திரும்பத் திரும்பப் பாடுறாங்க.
அது பாட்டா, ரிப்பேரா?"

நிரவலைப் பற்றிச் சொன்னேன்.
ஒரே வரிதான், ஆனால் ஒவ்வொரு முறையும்
வேறு வாசல் வழியாக உள்ளே வருவார்கள்.
யோசித்தார்.
"மொத எட்டு தடவ அப்படித்தான் வருது.
ஒம்போதாவதுலேர்ந்து ஒரே வாசல்."

அந்தக் கீறல் என் காலத்தில் இல்லை.

"முன்னாடி பிரச்சனை இல்ல மேடம்.
திருமுல்லைவாயில் தாண்டி ஒரு பள்ளம் இருந்துச்சு.
டமால்னு எறங்குனா
அந்தம்மா அடுத்ததுக்குப் போயிடுவாங்க.
இப்ப எலெக்‌ஷன் வருதுல்ல, ரோடு போட்டுட்டாங்க.
ஒரு மாசமா அங்கயே நிக்குறாங்க.
அதுக்கப்புறம் என்னா வரும்னே
மறந்துபோச்சு."

நான் பாடுகிறவள் இல்லை.
பரணி ஸ்டோர்ஸ் வாசலில், கையில் அரை கிலோ கத்தரிக்காய்,
29சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
தொண்டையைக் கனைத்துக்கொண்டு
அந்த வரியை விசாலாட்சி முடித்த இடத்திலிருந்து
முதல் ஸ்வரங்கள் நாலு ஆவர்த்தனம்
போனுக்குள் சொன்னேன்.
மூன்றாவதில் தாளம் தப்பியது.
கிரைண்டரை யாரோ நிறுத்தினார்கள்.

"ஆங்... அதேதான்" என்றார் சவரிராஜ்.
பிறகு, "கையெழுத்துக்கு எப்ப வரட்டும் மேடம்?"

"ஞாயித்துக்கிழம. வண்டியிலயே வாங்க."

இரவு நோட்டை எடுத்து,
217 இரண்டாவது தட்டு, 'இருப்பிடம்' என்ற கட்டத்தில்
'தொலைந்தது' என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
பென்சிலால்: ஆவடி – அம்பத்தூர்.
விடியற்காலை நாலு மணி.