வினா எழவில்லை

பன்னிரண்டே முக்காலுக்கு
தாலுகா ஆபீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது:
பேரவைக் கேள்வி. மிக அவசரம். நாலு மணிக்குள் பதில்.

(அ) கிருஷ்ணகிரி வட்டம், முனியன்கொட்டாயில்
நடுகற்கள் உள்ளனவா?
(ஆ) ஆம் எனில், எத்தனை?
(இ) இல்லை எனில், ஏன்?

ஏன் என்பதை நான் யாரிடம் போய்க் கேட்க.
சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு
வண்டியை எடுத்தேன்.

புல எண் இருநூற்றுப் பதினாலு.
அரசு புறம்போக்கு, கரடு என்கிறது என் பதிவேடு.
வில்லும் குறுவாளுமாய் ஒருவன்.
மார்பில் மூன்று அம்பு தைத்தும் விழாதவன்.
காலடியில் ஒரு மாடு, அதற்கு மட்டும் கண் தெளிவாக இருந்தது.
முகம் முழுக்கத் தேய்ந்த ஒருவன்.
"எல்லாம் வேடியப்பன்தான் மேடம்" என்றார்
கிராம உதவியாளர் மாதப்பன்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

சரிவில், கள்ளிப் புதருக்குள், இன்னொன்று நிமிர்ந்து நின்றது.
போன வாரம்தான் அங்கே விரியன் அடித்தார்களாம்.
நான் போகவில்லை.
இங்கிருந்தே சேர்த்துக்கொண்டேன்.
பதினொன்று.

வருவாய் ஆய்வாளர் என் ஒற்றெழுத்தைத் திருத்தினார்.
தாசில்தார் 'சுமார்' சேர்த்தார்.
கோட்டாட்சியர் அதை அடித்தார்.
கோட்டையில் யாரோ 'மொத்தம்' என்று எழுதினார்கள்.
எண்ணை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

திட்டம், தொல்லியல், சுற்றுச்சூழல்:
மூன்றும் ஒரே அமைச்சரிடம்.
சாலை வேண்டும் என்று அவரே எழுதி,
ஏரி போய்விடும் என்று அவரே மறுத்து,
நடுவில் கல் இருக்கிறதே என்று
அவருக்கே நினைவூட்டு அனுப்பிக்கொள்ள வேண்டிய பதவி.
அன்று அவருக்கு ஜலதோஷம் வேறு.
நாங்கள் எட்டுப் பேர் ஒரு செல்போனில் பார்த்தோம்.

"(அ) ஆம்.
(ஆ) பதினொன்று.
(இ) வினா எழவில்லை."

உட்கார்ந்துவிட்டார்.
அத்தோடு முடிந்திருக்கும்.
எதிர்வரிசையில் ஒருவர் துணைக்கேள்விக்கு எழுந்தார்:
அந்தக் கரட்டுக்கே கிரானைட் குத்தகை கேட்டு
விண்ணப்பம் இருப்பதை அமைச்சர் அறிவாரா?

அமைச்சர் தாளைப் புரட்டினார்.
அடுத்த தாளில் வேறு மாவட்டம், வேறு ஏரி.
கண்ணாடியைக் கழற்றினார். மூக்கைத் துடைத்தார்.
அதிகாரிகள் மாடத்தில் யாரோ சீட்டு எழுதுவது தெரிந்தது.
அது வந்து சேரும் முன்பே சொன்னார்:

"பதினொன்றில் எந்தக் கல்லிலிருந்து அளந்தாலும்
முந்நூறு மீட்டருக்குள்
ஒரு வெடி வெடிக்க விட மாட்டேன்."

மேசைகள் தட்டப்பட்டன.
இங்கே தாசில்தார் மட்டும் என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அளக்கப் போனோம்.
பத்துக் கல்லும் ஒரே கொத்தாய், கிழக்குப் பார்த்து.
அவற்றின் முந்நூறு மீட்டர் கரட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை.
மாதப்பன் அரிவாளால் புதரை வெட்டினார்.

பதினொன்றாவதில் வில் இல்லை. வாள் இல்லை. மாடு இல்லை.
வெள்ளைப் பெயிண்டில்
'தெ.கி. 7' என்று இருந்தது.
குத்தகை கேட்ட கம்பெனி
தன் எல்லைக்குத் தானே நட்டுக்கொண்ட கல்.

சர்வேயர் இம்தியாஸ் என்னைப் பார்த்தார்.
நான் டேப்பைப் பார்த்தேன்.
திருத்துவதென்றால் அமைச்சர் அவையில் எழுந்து
தவறான தகவல் தந்தேன் என வேண்டும்.
அதற்கு முன் அந்தத் தவறு
ஒவ்வொரு மேசையாகக் கீழே இறங்கி
என்னிடம் வர வேண்டும்.
"அவைக்குறிப்பில் ஏறியாச்சு மேடம்" என்றவர்
குனிந்து, டேப்பின் முனையை
அந்த ஏழின் மேல் வைத்து அழுத்தினார்.

முந்நூறு மீட்டர்.
மொத்தக் கரடும் உள்ளே வந்துவிட்டது.

போன அமாவாசைக்கு யாரோ அதற்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள்.
பெயிண்ட் பாதி மறைந்திருந்தது.
எனக்கு இன்னும் தூக்கம் சரியில்லை.
அடுத்த கூட்டத்தொடர் பிப்ரவரியில்.
எந்த உறுப்பினராவது எழுந்து
அந்தப் பதினொரு வீரர்களின் பெயர் என்ன என்று
கேட்காமல் இருக்க வேண்டும்.