உள்பக்கம் முகம்

தேர்வு முடிவுக்கு நான்கு நாள் முன்பே
அப்பா பேனர் அடித்துவிட்டார்.
ஆறடிக்கு நாலடி.
எஸ்தான்சியா மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் அச்சுக்கடைக்காரன்
முன்கூட்டிச் சொன்னால் தள்ளுபடி என்றானாம்.
கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.
பற்களைக் கணினியில் வெளுத்திருந்தார்கள்.
டாக்டர் ஜெனலின் பலிதியோ,
மார்ச் தேர்வில் வென்றவர்,
எங்கள் தெருவின் பெருமை.

பட்டியல் நள்ளிரவில் வந்தது.
பல்தேவியா இருந்தாள். பலினாஸ் இருந்தான்.
நடுவே விரல் நுழைய இடமில்லை,
கடைசி பஸ்ஸில்
நகர்ந்து உட்கார மறுப்பவர்கள் மாதிரி.

பன்னிரண்டு பாடங்கள், சராசரி எழுபத்தைந்து வேண்டும்.
எனக்கு எழுபத்து நாலேகால்.
முக்கால் குறைச்சல்.
முக்கால் என்றால் எவ்வளவு,
கொடுத்துச் சரிக்கட்ட முடியாதா
என்று கேட்டாள் அம்மா.
மீன் நிறுத்தே பழகிய கை அவளுக்கு.

பேனரை யாரும் எறியவில்லை,
யாரும் பிரிக்கவுமில்லை.
சுருட்டியபடி கட்டிலுக்கடியில் கிடந்தது,
நான் மேலே படுத்திருந்தேன்.

ஜூனில் மழை.
அப்பாவின் ட்ரைசிக்கிள் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது.
கேட்காமல் பேனரை எடுத்துப்போய்
நைலான் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்,
முகம் உள்பக்கமாக.
அவமானமா என்று கேட்டேன்.
"வெயில் பட்டா நிறம் போயிடும்" என்றார்.

அப்புறம் ஐந்து மாதம்
ஊரே எனக்குக் கீழே உட்கார்ந்து போனது.
கருவாட்டுக் கூடைகள், சீருடைப் பிள்ளைகள்,
மடியில் சண்டைச் சேவலோடு ஒரு ஆள்.
அண்ணாந்தால் நான், வெளுத்த பல்லோடு.
ஒரு அம்மாள் முழங்கால் வலிக்கு
என்ன தைலம் என்று கூரையைக் கேட்டாளாம்.
"அக்டோபர்ல சொல்லுவா" என்றாராம் அப்பா.

நான் இலோய்லோவில் வாடகை அறையில் இருந்தேன்.
முதல் முறை ஜாரோ தேவாலயத்தில்
பதினோரு பென்சில்களுக்கு ஆசி வாங்கினேன்.
இந்த முறை ரொட்டிக்கடையில் வாங்கிய இரண்டுதான்.
கேள்வி நாற்பத்தொன்று:
வெள்ளநீரில் நடந்தவர், கெண்டைக்கால் வலி,
காய்ச்சல், மஞ்சள் கண்.
விடை வட்டத்தைக் கருக்கிவிட்டேன்.
பிறகு நாற்பத்திரண்டுக்குப் போக முடியவில்லை.
முழங்கால் தண்ணீரில்
வண்டி தள்ளும் இரண்டு கால்கள்
தாளின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தன.
கண்காணிப்பாளர் கடிகாரத்தைத் தட்டிய பிறகுதான்
அவை நகர்ந்தன.

இருந்தது என் பெயர்.
மேலும் கீழும் யார் என்று பார்க்கவில்லை.

புது பேனர் அடிக்கலாம் என்றாள் அம்மா.
அப்பா பழையதை அவிழ்த்தார்.
காதில் கயிறு போன ஓட்டை,
தோளில் எண்ணெய்ப் புகை.
படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்டால்
மார்ச்சை மூடி அக்டோபர் என்று எழுதினார்.
மாதம் நீளம், இடம் குறைவு.
கடைசி எழுத்து
ஸ்டெதஸ்கோப்பின் மேல் ஏறிக்கொண்டது.
ஐஸ் ஃபேக்டரி சுவரில் தொங்கவிட்டோம்.
அன்று மாலையே மழை.
ட்ரைசிக்கிளில் வந்தவர்களெல்லாம்
நனைந்துகொண்டே வாழ்த்தினார்கள்.

ஜனவரி. அரசு மருத்துவமனை, வெளிநோயாளிகள் பிரிவு.
சீட்டில் என் கையெழுத்து
இன்னும் பள்ளிக்கூடத்து உருண்டையில்தான் வருகிறது.
பதினேழாவது டோக்கன்,
இருமிக்கொண்டே வந்த கிழங்கு வியாபாரி,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"உன்னைத் தெரியும்.
ஆகஸ்ட் புயலுக்கு உனக்குக் கீழதான் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு சொட்டு விழல."

சட்டையைத் தூக்கச் சொல்லி
முதுகில் வைத்தேன்.
மூச்சை இழுங்க.
வலப்பக்கம், அடியில்,
எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.
கீழே நான்கு விடைகள் இல்லை.
மறுபடி இழுங்க, என்றேன்.