ஃபுஜியானுக்கு இருநூறு கிராம்

நோர்வூட்டுக்கு மேலே, மழை ஏறிவரும் பக்கம்
எங்கள் ஸ்டோரின் மாதிரி அறை.
முகவரியை நான்தான் எழுதினேன்.
சீன எழுத்து தெரியாது,
மார்கழிக் கோலம்போலக்
கோடு கோடாய்ப் பார்த்து இழுத்தேன்.
ஒரு கோடு கூடினால்
பொட்டலம் வேறு மாகாணம் போய்விடுமோ என்று பயம்.

டீமேக்கர் செபமாலை சிரித்தார்:
"தே என்ற சொல்லே அந்தக் கரையில்தான் கப்பலேறியது, பிள்ளை.
கொல்லத் தெருவில் ஊசி விற்கிறோம்."

அன்றிரவு மகனின் போனில் அந்த ஊரைத் தேடினேன்.
எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்பார்களாம்.
ஊயி மலையில் ஆறு ஒன்பது முறை வளைகிறது
(ஹட்டன் பஸ் அதை வட்டவளைக்கு முன்பே முடித்துவிடும்).
பைன் விறகின் புகையில் வேண்டுமென்றே இலையை வாட்டுகிறார்கள்.
இங்கே புகைவாசம் பட்டால்
அடுப்புக்காரனுக்கு அரைப்பேர்.

வட்டமாய் ஒரு மண்வீடு:
நூறு அறை, ஒரே வாசல்.
எதிரி வந்தால் அடைத்துக்கொள்ளலாம்.
எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு வாசல்,
பீலி ஒன்று.
மழைதான் வரும்,
அது கூரை வழியாக வரும்.

பிறகு சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு கல்.
எழுநூறு வருடப் பழசு. அதில் தமிழ்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வெட்டியவன் யார்?
கடல் கடந்துபோன நம் ஆளா,
இல்லை, என்னைப்போலவே
கோடு கோடாய்ப் பார்த்து இழுத்த
ஒரு சீனத்துக் கல்தச்சனா?
"ழ" வரும்போது அவன் கை நின்றிருக்குமா?

மூன்று மாதம். ஆர்டர் வரவில்லை.
ஒரு பெட்டி வந்தது.
உள்ளே கறுப்புக் கிண்ணம், உட்புறம் குங்குமச் சிவப்பு.
கனக்கும் என்று இரண்டு கையாலும் தூக்கி
நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

துண்டுச்சீட்டைக் கிளாக்கர் வாசித்துச் சொன்னார்:
களிமண்ணில் உருப் பிடிப்பார்கள்.
அதன்மேல் துணி சுற்றி, மரத்தின் பால் பூசி,
காயவிட்டு, பூசி, காயவிட்டு,
கடைசியில் உள்ளிருந்த மண்ணை எடுத்துவிடுவார்கள்.
துணியும் பாலும் கிண்ணமாய் நிற்கும்.

மாதிரித் தராசில் வைத்தேன்.
அறுபத்திரண்டு கிராம்.

மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு
நனைந்த படங்கோடு வந்த யோகமலர்
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்:
"சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு ரெண்டுன்னு
நமக்குக் கழிப்பாங்க.
இவங்க மண்ணையே கழிச்சிட்டாங்க.
அப்பிடியும் நிக்குது பாரு."

வரவுப் பக்கத்தில் பதிந்தேன்.
கழிவு என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்.