மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று
பி.எட். படிவத்தைச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய், வினோதா.
லாரன்ஸ் ரோடு ஜவுளிக்கடையின் பில் மை
இன்னும் உன் கட்டைவிரலில் இருந்தது.
“நீயே சொல்லுக்கா. சேரட்டுமா, வேணாமா?”

நான் கணக்கு டீச்சர்.
எதைக் கேட்டாலும் கோடுதான் போடத் தெரியும்.
பால் நோட்டின் பின்னட்டையில்
நடுவே ஒரு கோடு.

இடப்பக்கம்
வாங்கிய கடன் ஒரு லட்சத்து இருபதாயிரம்,
நூற்றுக்குப் பதினொன்று.
படித்த இரண்டு வருஷமும்
வேலை தேடிய ஒரு வருஷமும்
தவணை பொறுத்துக்கொண்டது.
வட்டி பொறுக்கவில்லை.
நான் தூங்கும்போதெல்லாம் விழித்திருந்து
முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ஆகியிருந்தது.
இப்போது மாதம் மூவாயிரத்து நானூற்று எழுபது,
ஏழாம் தேதி.
சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு,
பத்தாம் தேதி, கரஸ்பாண்டன்ட் ஊரில் இருந்தால்.
இடையில் இருக்கும் மூன்று நாளுக்கு
வங்கியில் அபராதம் என்று பெயர்.
அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை.
தவணைக்குக் கோடை விடுமுறை கிடையாது.

டெட்டில் தேறியாயிற்று.
தேறியவர்களுக்கு இன்னொரு தேர்வு இருக்கிறதாம்.
என் அசல் சான்றிதழ்கள் பள்ளி ஆபீஸ் பீரோவில்,
நடுவருஷத்தில் நான் ஓடிவிடாமல் இருக்க.
அம்மாவின் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் வைத்தபோது
ரசீதாவது கொடுத்தார்கள்.

“அந்தப் பக்கமும் எழுது” என்றாய்.

வலப்பக்கம்
மஞ்சக்குப்பம் போக, வர டவுன் பஸ்.
மகளிருக்குக் கட்டணமில்லை.
எனக்கு வட்டியில்லாமல் கிடைத்தது
இதுவரை அது ஒன்றுதான்.

அப்புறம் பேனா நின்றது.

உனக்கு மாதம் பன்னிரண்டாயிரம்.
தீபாவளிக்குப் புடவை, ஒரு மாதச் சம்பளம்.
கடன் சைபர்.
இந்த வீட்டில் நீதான் பணக்காரி என்றேன்.
நீ சிரிக்கவில்லை.
“அங்க எனக்குப் பேரே இல்லக்கா. மூணாம் நம்பர் கவுண்டர்.
நாள் முழுக்க நின்னு நின்னு கால் வீங்குது.”
நானும் நின்றுதான் சம்பாதிக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.
உன் கால்களைப் பார்த்துவிட்டு
ரசம் ஊற்றினேன்.

போன வாரம் எட்டாம் வகுப்புக்குக் கூட்டுவட்டி.
புத்தகத்தில் அசல் பத்தாயிரம், சாதுவான பத்தாயிரம்.
நான் என் கடனையே பலகையில் எழுதினேன்.
‘ஒருவர் வங்கியில் கடன் பெறுகிறார் எனில்...’
கடைசி பெஞ்ச் அருள்செழியன் எழுந்தான்.
“மிஸ், அந்த ஒருவர் எதுக்கு மிஸ் வாங்கினாரு?”
கணக்கில் அது கேட்கப்படவில்லை, உட்கார் என்றேன்.
உட்கார்ந்து, போட்டு, சரியாகக் கொண்டுவந்தான்.
நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு விடை வந்தது.
வராத ஒன்பது பேருக்கும் எங்கே தவறியது என்று
தேடிக்கொண்டிருந்ததில்
மணி அடிக்கும்வரை
அது யாருடைய கடன் என்பது மறந்துபோயிருந்தது.

இதை ரூபாயில் எழுத முடியாது.
எழுதாமல் விட்டால் கணக்கு தப்பு.

நீ கை கழுவப் போனாய்.
படிவத்தைத் திருப்பினேன்.
‘இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் காரணம்’ என்ற இடத்தில்
குண்டு குண்டாக நான்கு வரி எழுதியிருந்தாய்.
இரண்டாம் வரியில் ‘கற்ப்பித்தல்’.
என்னை அறியாமல் கை பையைத் துழாவியது,
சிவப்புப் பேனா,
அந்த அதிகப்படி ‘ப்’பைச் சுற்றி ஒரு வட்டம்,
ஓரத்தில் ஒரு கோடு.

பார்த்துவிட்டு வாசல்படியிலேயே நின்றாய்,
ஈரக்கையோடு.
“அக்கா! அது ஐந்நூறு ரூபா!”

நாளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.
வாங்குவாய்தான்.
நோட்டை எடுத்து ஐந்நூறு என்று எழுதினேன்.
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
கோட்டின் மேலேயே.